அரிசி டிரம்முக்குள் போன்

போடிமெட்டைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு திரும்பியதும் பாண்டித்துரை பாட்டை நிறுத்திவிடுவான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வளைவிலிருந்துதான் கீழே போடி கண்ணுக்கு நேராகத் தெரியும். போனில் கோடுகள் ஏறும். பின்னால் எதிரெதிர்ப் பலகையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோரும் கழுத்தை ஒரே பக்கம் திருப்புவார்கள். இறங்கும்போது மட்டும் முன்சீட்டை விட்டுப் பின்னால் வந்து, நடுவில் ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்திருக்கும் முனீஸ்வரி இடுப்பிலிருந்து போனை எடுத்து, பிளாஸ்டிக் கவரை உரித்து, முந்தானையில் திரையைத் துடைத்து, நெஞ்சுக்கு நேராகச் சாமி படம் மாதிரி பிடிப்பாள். முந்தின ராத்திரி டிவியில் ஓடிய சீரியல் அதில் வரும்.

நாள் முழுக்க எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துவிட்டு இறங்கி, வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து, சோறு போட்டு, பாத்திரம் விளக்குகிறவர்களுக்கு ராத்திரி சீரியல் பார்க்க ஏது கண்? மலை இறங்கும் அந்தப் பதினேழு வளைவுதான் அவர்களுக்குத் தியேட்டர். முந்தல் அடிவாரம் வருவதற்குள் ஒரு நாள் கதை முடிந்துவிடும். கதை இழுத்தால் பாண்டித்துரையும் வண்டியை மெதுவாக இறக்குவான். அவனுக்கும் அதில் அக்கறை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

கதையில் மாமியார் மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்ட மருமகள் ஆடி மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள். ஆவணியும் பிறந்துவிட்டது. அவள் கண் திறந்தால் மாமியார் மாட்டிக்கொள்வாள். இன்றைக்குத் திறந்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை முனீஸ்வரி போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது.

"வட்டம் சுத்துது," என்றாள் சோலையம்மாள். ஜீப்பிலேயே மூத்தவள் அவள்தான்.

"சுத்தட்டும். நெட்டு வர நேரமாகும்."

இரண்டாவது வளைவு போயிற்று. நான்காவதும் போயிற்று. சாரல் தார்ப்பாயின் ஓட்டை வழியாக உள்ளே அடித்தது. மருமகளும் கண் திறக்கவில்லை, வட்டமும் நிற்கவில்லை.

"யக்கா, ஜிபி தீந்துருக்கும்," என்றான் பாண்டித்துரை முன்னாலிருந்து.

"எப்பிடிடா தீரும்? விடியக்காலம் கூடையில போட்டத இப்பத்தான் கையில எடுக்குறேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னீக."

அதுதான் விஷயம். அந்த வாரம் முழுக்க இப்படித்தான். சாயங்காலம் பார்த்தால், காலையில் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி டேட்டா தீர்ந்துவிட்டது என்று கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்து கிடக்கிறது. மத்தியானச் சோற்றுக்குக் கை கழுவும்போது மொத்தமும் தீர்ந்துவிட்டது என்று இன்னொன்று. தொடாத போனில் தீருகிறது.

முனீஸ்வரி அந்த ஜீப்பின் கங்காணி. ஆள் சேர்ப்பதும், தோட்டத்தில் யார் எந்த வரிசையில் காய் எடுப்பது என்று பிரித்துவிடுவதும் அவள் பொறுப்பு. ஏலச்செடியின் தூரில், தரையோடு தரையாகத்தான் காய் கிடக்கும். பெண்கள் மழைக்குத் தலையில் கொங்காணிச் சாக்கு போட்டுக்கொண்டு ஈரத்தில் குத்தவைத்து, அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு எடுப்பார்கள். அந்த மழையில் போன் எதற்காகும்? அதனால் எல்லாருடைய போனும் சோற்றுத் தூக்குகளோடு ஒரு வயர்கூடையில் போய், காய் உலர்த்துகிற ஸ்டோரின் சுவரில் ஆணியில் தொங்கும். தோட்டத்துக்குள் எடுக்காத சிக்னல் அந்த மேட்டில் கொஞ்சம் எடுக்கும். கூடைக்குக் காவல் மொக்கம்மாள்.

போன வருஷம் சரிவில் வழுக்கி மொக்கம்மாளின் முட்டி பிசகியது. குத்தவைக்க முடியாத ஆளுக்கு எஸ்டேட்டில் சோலி இல்லை. முனீஸ்வரிதான் மேனேஜரிடம் பேசி, ஸ்டோரில் பாலில்லாத கட்டன்சாயா போடவும் ஈரக் காயைப் பரப்பவும் அவளை உட்காரவைத்தாள். இருவரும் ஒரே வருஷம் மலையேறத் தொடங்கியவர்கள். போதாக்குறைக்கு முனீஸ்வரி மகன் இனியவனுக்கு மொக்கம்மாள் மகள் பவதாரணியைப் பேசி முடித்திருந்தது. பையன் தேனியில் பைக் ஷோரூமில் பில் போடுகிறான், பெண் தேனியில் லேப் டெக்னீசியன். இருவரும் பல நாளாக ஒரே பஸ்சில் ஒரே சீட்டில் போய் வந்தது, தாய்மார் பேசி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் "தெரிய"வந்தது. வருகிற புதன்கிழமை பூ வைக்கிறார்கள்.

ஆனால் முனீஸ்வரிக்கு மூன்று நாளாக ஒரு முள் உள்ளே குத்திக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை கட்டனை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே மொக்கம்மாள் சொன்னாள்: "கண்ணெல்லாம் தொறக்க மாட்டா. வெரலுதான் அசையும், பாரு." சோலையம்மாளின் மருமகள் புதன் ராத்திரியே வீட்டில் டிவி பார்த்திருந்தாள்; மறுநாள் கேட்டபோது சொன்னாள், அதில் விரல்தான் அசைந்ததாம். ஜீப்பில் வட்டம் சுற்றிய அன்றைய கதை இவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

ஒன்பதாவது வளைவில் முனீஸ்வரி பக்கத்துப் பலகையில் இருந்த மொக்கம்மாளிடம் வாயைத் திறந்தாள்.

"மொக்கு, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்குவியா?"

"கோவிக்கிற மாதிரி இருந்தா கோவிப்பேன். கேளு."

"மத்தியானத்துல நீ ஒத்தையில இருக்க. பொழுது போகணும்ல. கூடையில இருக்குற போன எடுத்து ஒரு அரைமணி நேரம் பாத்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? சொல்லிட்டுப் பாரு. அம்புட்டுத்தான்."

மொக்கம்மாள் முனீஸ்வரி பக்கம் முழுக்கத் திரும்பினாள்.

"நான் உன் போன எடுத்தேங்குற."

"எடுத்தன்னு சொல்லலத்தா. எடுத்தா சொல்லிட்டு எடுன்னேன்."

"எனக்குப் பட்டன் போனுலயே பச்சை எது செவப்பு எதுன்னு பவதாரணி பொட்டு ஒட்டிக் குடுத்துருக்கா. நான் உன் போன எடுத்துச் சீரியல் பாத்தேனாக்கும்."

"அப்ப வெரலு அசையும்னு எப்பிடித் தெரியும்?"

"அடி இவளே, நானும் கல்யாணம் ஆன நாள்ல இருந்து சீரியல் பாக்குறேன். வாரத்துக்கு நடுவுல எவளாச்சும் கண்ணத் தொறப்பாளா? வெரல அசைப்பா, வெள்ளிக்கிழமை மூக்க அசைப்பா."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். முனீஸ்வரிக்கு அந்தச் சிரிப்புதான் சுருக்கென்று தைத்தது.

"சரி, போனு ஏன் சுடுது? சாயங்காலம் எடுத்தா அடுப்புலருந்து எடுத்த மாதிரி கொதிக்குதே. யாரும் தொடாத போனு ஏன் சுடணும்?"

"காய் காயுற ஸ்டோரு சுவத்துல தொங்குது. அந்தச் சூட்டுல கல்லுகூடத்தான் சுடும். கல்லும் சீரியல் பாத்துச்சா?"

"மத்தவுக போனும் அங்கதான் தொங்குது. அதெல்லாம் சுடலயே."

மொக்கம்மாள் பலகையின் நுனிக்கு நகர்ந்தாள். ஜீப்பின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.

"பாண்டி, நிறுத்து."

"யக்கா, இது வளைவு."

"வளைவுன்னா எறங்கக் கூடாதா? நிறுத்துடா."

இறங்கிவிட்டாள். தன் தூக்கை எடுத்துக்கொண்டு, கொங்காணியைத் தலையில் போட்டு, பிசகிய முட்டியைச் சாய்த்துச் சாய்த்து மலைச்சாலையில் நடக்கத் தொடங்கினாள். பாண்டித்துரை முதல் கியரில் பின்னாலேயே ஊர்ந்தான். ஜீப்பிலிருந்து பெண்கள் தலையை நீட்டிக் கெஞ்சினார்கள். "ஏறு மொக்கு." "மழையில போகாத." "முட்டி வீங்கிரும்டி." முனீஸ்வரி மட்டும் டயர் மேல் அசையாமல் இருந்தாள். இறங்கிப்போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். போன் சூடு இன்னும் கையில் இருந்தது.

பின்னால் ஒரு கேரளா பஸ்சு வந்து ஹாரனை அமுக்கியது. அதற்குப் பின்னால் ஒரு லாரி. மொக்கம்மாள் நின்று திரும்பினாள்.

"சாயங்காலமானா எஸ்டேட்டு கேட்டுல காவக்காரன் வர்கீசு சேட்டன் பையத் தடவி, மடியத் தடவி, காய் ஒளிச்சிருக்கமான்னு பாக்குறான். அது பத்தலன்னு இப்ப நீயும் தடவுறியா? என்னையக் கள்ளின்னு சொன்ன வீட்டுக்கு எம்புள்ளைய அனுப்ப மாட்டேன். புதன்கிழமை பூவும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்."

சொல்லிவிட்டுக் கையைக் காட்டினாள். ஹாரன் அடித்த அதே பஸ்சு நின்றது. ஏறிப் போய்விட்டாள்.

பஸ்சு கண்ணை விட்டு மறைந்த பிறகு பாண்டித்துரை மெதுவாகச் சொன்னான்: "சீரியல்லகூட இப்பிடி வர்றதில்ல."

*

வீட்டுக்கு முனீஸ்வரி போய்ச் சேருமுன்பே செய்தி தேனிக்குப் போய், தேனியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. இனியவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அம்மா, பவதாரணி அழுகுறா."

"அவ அம்மா செஞ்சதுக்கு அவ அழுகுறாளாக்கும்."

"அத்த என்ன செஞ்சாங்க? ஒன்றரை ஜிபி. நாளைக்கு விடிஞ்சா திரும்ப ஒன்றரை ஜிபி வரப் போகுது. அதுக்குப் போயி என் கல்யாணத்த நிப்பாட்டிட்டு வந்து நிக்கிற."

"ஜிபி இல்லடா. சொல்லாம எடுத்தது."

"எடுத்தாங்கன்னு நீ பாத்தியா?"

சீனிச்சாமி தட்டில் அவித்த கப்பைக்கிழங்கை வைத்துக் காந்தாரி மிளகாய்ச் சட்னியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவர் முனீஸ்வரியின் கணவர், வீட்டோட மாப்பிள்ளை. தேவாரத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவர், அந்தப் பெட்டியை இன்னும் முழுக்கக் காலி செய்யவில்லை. ஏலக்காய்க் குடோனில் காவல் சோலி. வீட்டில் எந்தச் சண்டையிலும் எந்தப் பக்கமும் சேராமல் இருப்பது அவருடைய கொள்கை.

"நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்கப்பா," என்றான் மகன்.

"சட்னியில உப்பு கொஞ்சம் கூட," என்றார் அவர்.

முனீஸ்வரி அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மலைக்குப் போறதில்ல. போன நாளைக்கு முழுக்க யாரும் தொடக் கூடாது. ஆள் பாக்க எடுத்து உள்ள வைக்கிறேன். சாயங்காலம் எடுப்போம். ஜிபி முழுசா இருந்தா, அங்க மலையில கை வச்சது யாருன்னு தெரிஞ்சுபோகும். நான் போயி மன்னிப்புக் கேக்குறதா, அவ வந்து கேக்குறதான்னு அப்பப் பேசிக்கிருவோம்."

ஞாயிறு காலையில் சோலையம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சட்டியில் கருவாட்டுக் குழம்பைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டு வந்தாள். முனீஸ்வரி போனைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, அரிசி வைத்திருந்த நீல டிரம்மின் நடுவில் கையால் குழி பறித்து உள்ளே வைத்து, அரிசியைத் தள்ளி மூடினாள். மேலே மூடி. மூடி மேல் ஆட்டுக்கல் குழவி. குழவிக்குப் பக்கத்தில் சோலையம்மாள்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள் சோலையம்மாள்.

"பாத்துக்கிட்டு இருக்கணும்."

"அரிசியவா?"

"அரிசியத்தான்."

வெளியே மேல்காற்று தெருப் புழுதியை அள்ளிக்கொண்டு போனது. மலையில் ஈரத்தில் நனைந்து கிடக்கிற காலத்தில்தான் கீழே போடியில் இந்தக் காற்று வாயில் மண்ணைப் போடும். சீனிச்சாமி சுவரில் சாய்ந்து தூங்கினார். இனியவன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். சோலையம்மாள் தன் மருமகள் குழம்பில் புளியை எப்படியெல்லாம் கெடுக்கிறாள் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

டிரம்முக்குள் டிங் என்று ஒரு மணி அடித்தது.

சோலையம்மாள் பேச்சை நிறுத்தினாள். சீனிச்சாமி கண்ணைத் திறந்தார். எல்லாரும் டிரம்மைப் பார்த்தார்கள்.

"அரிசிக்குள்ள யாரு?" என்றார் சீனிச்சாமி.

"சும்மா இருங்க. ஏதாச்சும் மெசேஜா இருக்கும்."

"பாதி தீந்துருச்சுன்னு வர்ற மெசேஜு," என்றான் இனியவன். அவன் முகத்தில் லேசாக ஒரு தெளிச்சல் வந்திருந்தது. "அந்தச் சத்தம்தான்."

"உனக்கு எப்பிடித் தெரியும்? தொறக்காம எதுவும் சொல்லாத."

திறக்கவில்லை. சாப்பாட்டுக்கு அரிசி எடுக்க வேண்டும் என்று முனீஸ்வரிக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. வீட்டில் இருந்த மொத்த அரிசியும் சாட்சியாக உள்ளே இருந்தது. சோலையம்மாள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பும் சோறும் இங்கே வந்தன. சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது டிரம் இன்னொரு முறை அடித்தது. இந்த முறை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சோலையம்மாள் மட்டும் வாயில் வைத்த கவளத்தை மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்:

"ஏத்தா முனீசு, மொக்கம்மா இங்க இல்லயே."

முனீஸ்வரிக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. குழவியை இறக்கி, அரிசிக்குள் தோள் வரை கையை விட்டுப் போனை எடுத்தாள். கவரைப் பிரித்தாள். இன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்று இனியவன் படித்துக் காட்டினான். முனீஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. அவள் உள்ளங்கையில் போன் கதகதவென்று சுட்டது. அரிசி சுடவில்லை, ஸ்டோர் சுவரும் பக்கத்தில் இல்லை.

ஒருமுறை கணவனைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்," என்றார் அவர்.

*

பஜாரில் உதுமான் பாயின் செல்போன் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். அவர் கல்லாவில் இருப்பார்; போனுக்குள் கை வைக்கிறது அவர் மகள் ரூபினா. முனீஸ்வரி, மகன், சோலையம்மாள் மூவரும் உள்ளே போனார்கள். சீனிச்சாமி வாசலோடு நின்று எதிர்க்கடையில் பஜ்ஜி வாங்கிக்கொண்டார்.

"வாத்தா. என்ன, போனு கீழ விழுந்துருச்சா?" என்றார் உதுமான்.

"விழுந்தாத்தான் தேவலையே பாய். நடமாடுது."

கதையை முழுக்கச் சொன்னாள். ஜீப்பு, வட்டம், விரல், பஸ்சு, டிரம். ரூபினா ஒரு இடத்திலும் சிரிக்காமல் கேட்டாள். அரிசி வந்தபோது மட்டும் குனிந்து மேஜையில் எதையோ தேடினாள். பிறகு போனை வாங்கி, திரையைத் தேய்த்துத் தேய்த்து அதற்குள் எங்கேயோ போனாள்.

"அக்கா, இந்தச் சிங்கப் படம் என்னன்னு தெரியுமா?"

"அது போனோட ஓசியா வந்தது. அது மட்டுமில்ல, பாரு, பேட்டு, கேரட்டு, கேக்கு, இந்தியில ஒரு எழுத்து, எல்லாம் ஓசி. என் மகன் வாங்குறப்பவே கடைக்காரன் சொல்லிட்டான்." முனீஸ்வரிக்கு இந்த நிலைமையிலும் குரலில் பெருமை வந்துவிட்டது. ஜீப்பில் ஒவ்வொருத்திக்கும் அந்தப் படங்களைச் சீர்வரிசைப் பாத்திரம் மாதிரி காட்டியவள் அவள். "நான் ஒண்ணக்கூடத் தொட்டதில்ல. அப்பிடியே புதுசா வச்சிருக்கேன்."

"நீங்க தொடல. அதுக தொட்டுருக்கு. இதெல்லாம் நீங்க தொறக்காட்டியும் பின்னால அதுபாட்டுக்கு ஓடும்க்கா. விளம்பரத்த எறக்கும், படத்த எறக்கும், தன்னையே புதுசு பண்ணிக்கிரும். ஓடுறதாலதான் போனு சூடாகுது. நெறையாத் தின்னது இவன்தான், போன வாரம் தன்னப் புதுசு பண்ணிக்கிட்டதுல இருந்து." ஒரு மஞ்சள் படத்தைக் காட்டினாள். "குட்டிக் குட்டி வீடியோ காட்டுற ஆப்பு. நீங்க பாக்க வந்தா வெரசாக் காட்டணும்னு முன்னாடியே எறக்கி எறக்கி வச்சுக்கிருது."

"நான் பாக்கவே இல்லயே."

"என்னைக்காச்சும் பாப்பீங்கன்னு."

"அப்ப நான் பாக்காத படத்த இது எனக்காகப் பாத்துக்கிட்டு இருந்துருக்கு." முனீஸ்வரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஓசின்னு சொன்னானே பாய்?"

"ஓசிதான்த்தா," என்றார் உதுமான். "குடியிருக்கத்தான் ஓசி. சாப்பாடு உன் ஜிபி."

"எனக்கு இது தோணவே இல்லம்மா. நம்ம போனுல யாரு கை வச்சான்னுதான் நானும் யோசிச்சேன்," என்றான் இனியவன். மாப்பிள்ளைக் களை அவன் முகத்தில் திரும்பிக்கொண்டிருந்தது.

"நீதான்டா வாங்கிக் குடுத்த."

"கேமரா நல்லாருக்குன்னு வாங்கினேன்."

ரூபினா ஒவ்வொன்றாக அழித்தாள். முனீஸ்வரி தோட்டத்தில் களையெடுப்பை மேற்பார்க்கிற மாதிரி குனிந்து நின்றாள். சிங்கம் போயிற்று. கேரட் போயிற்று. "வேரோட எடு தாயி," என்றாள். "மேலாப்புல பறிச்சா திரும்பத் தழையும்." மஞ்சள் படம் போனபோது சோலையம்மாள் "செத்தான்" என்றாள். கடைசியில் இரண்டு மிஞ்சின.

"இது ரெண்டும் கம்பெனிக்காரன் சேத்துத் தச்சது. அழியாது. வேணும்னா முடக்கி வைக்கலாம். ஒரு ஓரமா அப்பிடியே கெடக்கும். செலவு வைக்காது, ஆனா வெளியவும் போகாது."

"வீட்டோட மாப்ளையா?" என்றாள் சோலையம்மாள்.

மூன்று பேரும் ஒருசேர வாசல் பக்கம் திரும்பினார்கள். சீனிச்சாமி வாயில் பஜ்ஜியோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னையக் கூப்பிட்டீகளா?"

"இல்லப்பா, நீங்க சாப்பிடுங்க," என்றான் இனியவன்.

"முடக்கியே வைய்யி தாயி," என்றாள் முனீஸ்வரி. "பழகிக்கிறலாம்."

வெளியே வந்ததும் அவள் நடை தளர்ந்தது. சாயங்கால பஜாரில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஒரு வண்டி அந்தத் தெருவுக்கே வாசம் பூசிவிட்டுப் போனது. இனி மன்னிப்புக் கேட்பது யார் என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை.

"இப்பவே போயிருவோம்மா," என்றான் மகன்.

"வீட்டுல போயிச் சொன்னா அவளுக்கு மட்டும்தான் கேக்கும். நான் ஜீப்புல வச்சுச் சொன்னேன்."

*

திங்கட்கிழமை இருட்டு பிரியுமுன் மொக்கம்மாள் தன் தெரு முக்கில் நின்றிருந்தாள். அருள்பாண்டி ஜீப்புக்குக் காத்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். அது வேறு எஸ்டேட்டுக்குப் போகிற வண்டி. குத்தவைக்க முடியாத முட்டியோடு அங்கே போய் அவள் என்ன செய்வாள் என்பதும் தெரியும்.

பாண்டித்துரை வண்டியை அவள் காலருகே கொண்டுவந்து நிறுத்தினான். மொக்கம்மாள் எதிர்ப்பக்கம் பார்த்தாள். முன்சீட்டிலிருந்து முனீஸ்வரி இறங்கினாள். பின்னால் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

ராத்திரி அவள் கோவையாக யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை.

"மொக்கு, போன அரிசிக்குள்ள வச்சேன்," என்றாள்.

மொக்கம்மாள் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அரிசிக்குள்ள வச்சும் தீந்துபோச்சு. போனோடயே வந்த கழுதைக உள்ள உக்காந்து தின்னுக்கிட்டு இருந்துருக்கு. வாங்குன அன்னைக்குல இருந்து. நான்தான் அத ஊருக்கெல்லாம் காட்டிப் பெரும பேசுனேன்." ஒரு மூச்சு விட்டாள். "இத்தன வருசமா அந்தச் சேட்டன் என் மடியத் தடவுறப்பல்லாம் வயிறு எரிஞ்சுதான் வெளிய வர்றேன். எரிஞ்ச நானே உன்னையத் தடவிட்டேன். கள்ளனை என் இடுப்புல சொருகிக்கிட்டு உன்னையக் கேட்டுட்டேன். எல்லாரும் கேக்கத்தான் அன்னைக்குச் சொன்னேன். எல்லாரும் கேக்கத்தான் இப்பவும் சொல்றேன். நீ எடுக்கல."

தெருவில் ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். மொக்கம்மாள் முனீஸ்வரியை ஏற இறங்கப் பார்த்தாள். நடந்து போய், முன்சீட்டில், கங்காணி உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலாம்டா பாண்டி," என்றாள்.

முனீஸ்வரி பின்னால் போய் ஸ்டெப்னி மேல் உட்கார்ந்தாள். ஜீப்பு மலை ஏறியது. மொக்கம்மாள் வண்டியில் ஏறிவிட்டாள். புதன்கிழமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. மத்தியானம் மொக்கம்மாள் எல்லோருக்கும் கட்டன் ஊற்றினாள். முனீஸ்வரியின் டம்ளரில் சர்க்கரை இல்லை. மறந்ததா, போடாததா என்று கேட்கிற நிலைமையில் அவள் இல்லை. அடி வரை குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள்.

சாயங்காலம் கேட்டில் வர்கீஸ் சேட்டன் வழக்கம்போல ஒவ்வொரு பையாகக் கவிழ்த்தான். "எந்தா முனீஸ்வரி, வேகம் வேகம்," என்றான். முனீஸ்வரி பையைக் காட்டினாள், மடியை உதறினாள், பிறகு போனையும் எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"இதையும் பாத்துருங்க சேட்டா. தினம் உங்க கண்ணுக்கு முன்னாலதான் என் ஜிபி மூட்டை மூட்டையா வெளிய போயிருக்கு. ஒரு நாளும் பிடிக்கல நீங்க."

சேட்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தான். மொக்கம்மாள் சட்டென்று கொங்காணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

முதல் வளைவில் பாண்டித்துரை பாட்டை நிறுத்தினான். முனீஸ்வரி போனை எடுத்தாள். சில்லென்று இருந்தது. தொட்டாள். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஆஸ்பத்திரி வந்தது. கட்டிலைச் சுற்றிக் குடும்பமே நின்றது. மாமியார் மூலையில் நின்று சேலை நுனியைக் கடித்தாள். மருமகளின் இமை துடித்தது. ஸ்டெப்னியைச் சுற்றித் தலைகள் குனிந்தன. ஏழாவது வளைவில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"பார்வை போயிருக்கும்," என்றது முன்சீட்டுக் குரல், திரும்பாமலே.

மருமகள் கையை முன்னால் நீட்டித் துழாவினாள். "ஏன் எல்லாரும் இருட்டுல நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

ஜீப்பு ஓவென்று கத்தியது. சோலையம்மாள் தொடையில் அடித்துக்கொண்டாள். முனீஸ்வரிக்கு யோசிக்கிறதுக்குள் வாய் முந்திவிட்டது.

"அடியே, உனக்கு எப்பிடிடி தெரியும்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. சத்தம் அப்படியே அடங்கியது. பாண்டித்துரை கண்ணாடியில் பின்னால் பார்த்தான். போனில் மாமியார் மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தாள்.

மொக்கம்மாள் மெதுவாகத் திரும்பினாள்.

"மத்தியானமே பாத்துட்டேன்," என்றாள். "உன் போன்லதான்."

பாண்டித்துரை சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள். முனீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரித்ததில் வந்த தண்ணீர்தான் என்று பிறகு சொல்லிக்கொண்டாள்.

"புதன்கிழமை மல்லிகப்பூவ நெருக்கமா கட்டுனதா வாங்கிட்டு வா சம்பந்தி," என்றாள் மொக்கம்மாள், முன்பக்கம் திரும்பிக்கொண்டே. "போன மட்டும் வீட்டுல வச்சிட்டு வா. வந்த எடத்துல எங்க சோத்தையும் சேத்துத் தின்னுரும்."